பின் வரிசைக்குக் கூட

பெப்ரவரி 1, ஞாயிறு

ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். கடல் காற்று இல்லை. மொட்டைமாடித் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது.

இருபத்தேழு சாடிகளும் அடுக்கி முடிந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று பச்சைச் சுருள், மூன்று சிவப்பு, மூன்று நீட்டிலை. சலாது விதை புறக்கோட்டையில் வாங்கியது, பக்கெற்றில் லெட்டூஸ் என்று எழுதியிருந்தது. கன்றுகளுக்கு இன்றோடு மூன்று கிழமை. எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே தேங்காய்த் தும்புத்தூள், ஒரே நிழல் வலை. வித்தியாசம் தண்ணீரில் மட்டும்.

முன் வரிசை: குறைய (அரைப் பேணி)
நடு வரிசை: அளவாக (ஒரு பேணி)
பின் வரிசை: கூட (இரண்டு பேணி)

பேணி என்றால் ரின்பால் வரும் தகரப் பேணி. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தேன், முந்நூறு மில்லி. ஆக நாளுக்கு முப்பத்தொன்றரைப் பேணி. பத்து லீற்றர் வாளி ஒன்று நிரம்பாது.

இதை ஏன் செய்கிறேன் என்று எழுதி வைக்க வேண்டும். போன கூட்டத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் எழுந்து, ரீச்சரின் சலாதுதான் தண்ணீர்த் தாங்கியைக் குடித்துத் தீர்க்கிறது, அதனால்தான் ஐந்தாம் மாடிக்குக் காலையில் தண்ணீர் ஏறவில்லை என்றார். மொட்டைமாடியைத் துப்புரவாக்கி, தகரக் கூரை போட்டு, பிளாஸ்டிக் கதிரை அடுக்கி, பிறந்தநாள் கொண்டாட ஹோல் ஆக்க வேண்டுமாம். நான் மூன்று கிழமை அவகாசம் கேட்டேன். எந்தச் சலாது எவ்வளவு குறைந்த தண்ணீரில் உருப்படியாக வளர்கிறது என்று எண்ணிக்கையோடு அறிக்கை தருகிறேன், பிறகு அதை மட்டும் வளர்க்கிறேன் என்றேன். சரி என்றார்கள். 22ஆம் திகதி முடிவு.

செயலாளர் இருப்பது 5B வீட்டில். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். இனி இந்தக் கொப்பியில் அவர் வெறும் செ. பெயரை முழுதாக எழுதினால் மை வீண்.

பெப்ரவரி 2, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் விட்டேன். கை நடுக்கமில்லாமல் முப்பத்தொன்றரை. ஏழுக்குள் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும்.

படியில் செ.

"என்ன ரீச்சர், மேலுக்கு ஆட்டுக்குக் குழை வளர்க்கிறியளாம்?"

"ஆடு வந்து கேட்டால் குடுப்பன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னது: "ஓம், குட் மோர்னிங்." மூன்றாம் மாடி இறங்கிய பிறகுதான் எனக்கு நல்ல பதில் வரும். ஐம்பத்திரண்டு வயதாகியும் இது திருந்தவில்லை.

வாங்க: தராசுக்கு பற்றரி, லேபல் ஒட்ட ரேப், பாண்.

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தின லீவு. தலைக்கு மேலே விமானங்கள், காகங்கள் எல்லாம் பதறிக்கொண்டு என் வலையில் வந்து குந்தின. கல்லெடுத்தேன். எறியவில்லை, கீழே கார்.

முன் வரிசை நீட்டிலை பதினொரு மணிக்கே தலை தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. கை பேணிக்குப் போனது. விடவில்லை.

வாச்சர் அந்தோனி மோட்டர் பார்க்க மேலே வந்தார். அறுபதுக்கு மேல். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருகிறவர், இந்தக் கட்டடத்தில் பதினொரு வருடம். மோட்டர் போடுவது, படி துடைப்பது, கேற் திறப்பது எல்லாம் அவர்தான். நெடுநேரம் முன் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் ஒரே செடிதானே மிஸ். இதுங்கள மட்டும் ஏன் காயப் போடுறீங்க? பாவம்."

"பரிசோதனை. நீர் இதில கை வைக்க வேண்டாம்."

"நீர்னா எங்க பக்கம் தண்ணி மிஸ். பதினோரு வருசமா என்னையத் தண்ணி தண்ணின்னு கூப்புடுறீங்க."

வடக்கில எங்கட பக்கம் அது மரியாதை என்றேன். உண்மையில் அரை மரியாதை. செ.வை நீங்கள் என்கிறேன், என்னிலும் பத்து வயது மூத்த அந்தோனியை நீர் என்கிறேன். அவருக்கு அது தெரியும் என்று இன்றுதான் விளங்கியது. விளங்கியும் மாற்ற மனமில்லை. இப்போது மாற்றினால் அவர் வென்றது மாதிரி ஆகிவிடும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

ஒரு கிழமைக் கணக்கு. அடிமட்டம், தராசு, மூக்குக் கண்ணாடி.

மு. வரிசை: பச்சை, விளிம்பு தீய்ந்து பழுப்பு. ஓர் இலை கடித்தேன், வாய் முழுதும் கைப்பு. நீட்டிலை, பகலில் படுக்கை, மாலையில் எழும்பல், உள் இலை நுனி கருகல். சிவப்பு மட்டும் ஆள் வேறு. சின்னது, இலை தடிப்பு, நிறம் பீற்றூட் மாதிரி. சாகிற யோசனை அதற்கு இல்லை.

ந. வரிசை: பச்சை அருமை. சிவப்பு நல்லம். நீட்டிலை பரவாயில்லை.

பி. வரிசை: நீட்டிலைக்குக் கொண்டாட்டம். பச்சை பெரிதுதான், ஆனால் வெளிறல், கீழ் இலை மஞ்சள், மண்ணில் பொடி ஈ, தின்றால் தண்ணீர் மென்ற மாதிரி. சிவப்பு நிறம் இழந்து தன் பெயரை மறந்து நிற்கிறது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். சிவப்பை வைத்து செ.வின் வாயை அடைக்கலாம். ஒரு சாடிக்கு அரைப் பேணி! அவர் பல் தீட்டும்போது பைப்பைத் திறந்து விடுவது அதைவிட அதிகம். ஐந்தாம் மாடியில் தண்ணீர் ஏறவில்லை என்கிற மனிதர் வாரம் இரண்டு தரம் கார் கழுவுகிறார்.

இன்னொன்றையும் எழுதி விடுகிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை. இந்த மொட்டைமாடி போனால் கொழும்பில் எனக்குப் போக ஓர் இடம் இல்லை. வீட்டில் நான்கு சுவர், பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள். மேலே வந்தால்தான் மூச்சு வருகிறது.

பெப்ரவரி 10, செவ்வாய்

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. நேற்று மாலை ஊரிலிருந்து, கொக்குவிலிலிருந்து, போன். சின்னம்மா போய்விட்டா. எட்டு மாதம் படுக்கை, எதிர்பார்த்ததுதான். பள்ளிக்கூடத்துக்கு அறிவித்தேன். ஞாயிறு மத்தியானம் திரும்பலாம்.

போனை வைத்ததும் முதலில் நினைத்தது சின்னம்மாவை அல்ல, சாடிகளை. வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

வேறு வழியில்லை, அந்தோனிதான். நேற்றே கேற்றில் வைத்துச் சொன்னேன்.

"முன்னுக்குக் குறைய. பின்னுக்கு இருக்கிறதுக்குக் கூட விட வேணும். விளங்குதோ?"

"வெளங்குது மிஸ்."

இன்று காலை என் பங்குத் தண்ணீரை விட்டுவிட்டு, முச்சக்கர வண்டிக்காரன் கீழே ஹோர்ன் அடிக்க அடிக்க, கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பேணியோடு கொடுத்தேன்:

முன் வரிசைக்கு அரைப் பேணி.
நடு வரிசைக்கு ஒரு பேணி.
பின் வரிசைக்குக் கூட.

அந்தோனி இரண்டு தரம் வாசித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கவலப்படாமப் போய்ட்டு வாங்க மிஸ்." கவலைப்படாமல் போனது எந்தக் காலத்தில்.

பெப்ரவரி 12, வியாழன், கொக்குவில்

செத்த வீடு முடிந்தது. வெயில் கொழும்பைவிட மோசம், ஆனால் வியர்வை இல்லை. சலாதுக்கு நல்ல இடம்.

மாமி ஒருவர், பத்துப் பேர் கேட்க: "கொழும்பில தனிய இருந்து என்னதான் செய்யிறாய் பிள்ளை?"

"படிப்பிக்கிறன். சலாது வளர்க்கிறன்."

"அதென்ன, வெள்ளைக்காரன்ர கீரையோ? சமைக்காமல் தின்னுறதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். செத்த வீட்டில் சிரிக்க என்னைத்தான் கிடைத்தது. எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நின்றேன். இந்நேரம் அந்தோனி பின் வரிசையில் நிற்பாரா, இரண்டாவது பேணியை ஊற்றியிருப்பாரா என்று யோசித்தேன். போன் எடுத்துக் கேட்கலாம். கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பார். நம்பவில்லைதான்.

பெப்ரவரி 15, ஞாயிறு

மத்தியானம் வந்து சேர்ந்தேன். பையை வாசலில் போட்டுவிட்டு நேரே மேலே.

முன் வரிசை சரி. நடு வரிசை சரி. பின் வரிசைச் சாடி ஒன்றைத் தூக்கினேன். இறகு. அடுத்தது, அதுவும். தராசில் வைத்தேன். நடு வரிசையும் பின் வரிசையும் ஒரே நிறை! ஐந்து நாள், புதனிலிருந்து இன்றுவரை, பின் வரிசைக்குக் கூடத் தண்ணீர் போகவே இல்லை.

அந்தோனி கீழே கேற்றில் நின்றார். ஞாயிறு அவருக்கு லீவு. பூசைக்குப் போய்விட்டு, சாடிக்குத் தண்ணீர் விடவென்றே கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாராம். வெள்ளைச் சட்டை, தேய்த்தது.

"பின் வரிசைக்கு நீர் எவ்வளவு விட்டீர்?"

"ஒரு பேணி மிஸ்."

"ஒன்றோ?"

"நீங்க எழுதுன மாரிதான். முன்னுக்கு அரை, மத்ததுக்கெல்லாம் ஒண்ணு."

"நான் அப்பிடி எழுதேல்லை! வாசிக்கத் தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்."

அவர் முகம் மாறியது. "எனக்கு வாசிக்கத் தெரியும் மிஸ்" என்றார். கேற்றைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சோம்பல். அல்லது முழங்கால் நோவு, இரண்டாம் தரம் வாளிக்குக் குனியப் பஞ்சி, அலுப்பு. அல்லது செ. சொல்லிக்கொடுத்த வேலை. ஓம், அதுதான். இரண்டு பேரும் கேற்றடியில் நின்று குசுகுசுப்பதை எத்தனை தரம் கண்டிருக்கிறேன். என் மூன்று கிழமையும் நாசம். பின் வரிசை இல்லாமல் எதோடு எதை ஒப்பிடுவது?

பை இன்னும் வாசலில். சாப்பிடவில்லை.

பெப்ரவரி 16, திங்கள்

செ.வுக்குக் கடிதம். மூன்று தரம் திருத்தி எழுதினேன். முக்கிய வரி: "வாச்சர், எழுத்தில் கொடுத்த தெளிவான அறிவுறுத்தலை வேண்டுமென்றே மீறியுள்ளார்." வேண்டுமென்றே என்பதன் கீழ் கோடு.

செ. கதவைத் திறந்து, வாசித்து, இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என்னை இருக்கச் சொன்னார். பிளேன்ரீ வந்தது. இஞ்சி போட்டு.

"நல்ல வேலை செய்தனீங்கள் ரீச்சர். உந்த ஆளைப் பற்றி எழுத்தில ஆரும் தரமாட்டினம். எல்லாருக்கும் பாவம் பரிதாபம்."

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. இருந்தாலும் முழுவதும் குடித்தேன்.

பெப்ரவரி 17, செவ்வாய்

மேகம். மழை வராது, வேர்வை மட்டும்.

செ. மின்னல் வேகம். இந்த மாதத்தோடு அந்தோனி நிற்கலாமாம். சீருடை போட்ட காவலாளைத் தருகிற கொம்பனி ஒன்றை ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார். ஒரு காரணம்தான் இல்லாமல் இருந்ததாம், அது கிடைத்துவிட்டது. ஞாயிறு கூட்டத்தில் உறுதிப்படுத்துவார்கள். ஆக, செ. சொல்லிக்கொடுத்து அந்தோனி செய்திருக்க முடியாது. தன் கையாளை யாராவது துரத்துவார்களா?

அப்படியென்றால் சோம்பல்தான்.

காலையில் அந்தோனி கேற் திறந்தார். பதினொரு வருடத்தில் முதல் தரம் "குட் மோர்னிங் மிஸ்" இல்லை. நானும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் அவர்தானே.

பெப்ரவரி 19, வியாழன்

தலையிடி. வகுப்பில் இரண்டு பேரைக் காரணமில்லாமல் ஏசினேன்.

பின்னேரம் வரும்போது தண்ணீர்ச் சபை அறிவித்தல்: தண்ணீர் வெட்டு. கேற்றில் 2A மிஸிஸ் அந்தோனியிடம் விசாரித்துக்கொண்டு நின்றா. நான் அவர்களைத் தாண்டிப் படியேறிக்கொண்டிருந்தேன். அந்தோனியின் குரல் பின்னால்:

"இன்னைக்கு மோட்டர் போட ஏலாது மிஸிஸ். நாளைக்குக் கூட."

மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது.

நாளைக்குக் கூட. நாளைக்கு அதிகம் மோட்டர் போடுவார் என்றா அர்த்தம்? இல்லை. நாளைக்கும் ஏலாது. நாளைக்கும். பின் வரிசைக்கும்.

மோட்டர் அறைக்குப் போனேன். என் தாள் அங்கே ஆணியில் குத்தியிருந்தது, கசங்காமல், மடிப்பு நீவி. எடுத்து வாசித்தேன், என் குரலில் அல்ல, அந்தோனியின் குரலில்.

நடு வரிசைக்கு ஒரு பேணி. பின் வரிசைக்குக் கூட.

எவ்வளவு தெளிவு! நடுவுக்கு ஒன்று, பின்னுக்கும் ஒன்று. பிள்ளைக்கும் விளங்கும். எங்கள் வீட்டில் கூட என்றால் அதிகம். சோறு கூட, உப்புக் கூட, விலை கூட. இந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் வரிசைக்கு நான் வைத்த பெயரே அது. அந்த மனிதனின் வீட்டில் அது வேறு சொல். இரண்டு தரம் வாசித்துத்தான் பையில் வைத்தார். லீவு நாளில் வந்து, என் தாள் சொன்னதை ஒரு துளி பிசகாமல் செய்திருக்கிறார்.

"வாசிக்கத் தெரியாட்டில்." நான் சொன்னது இது. அதற்குப் பிறகு அந்தக் கடிதம். வேண்டுமென்றே, கீழே கோடு.

என் மேலேயே எனக்கு வெறுப்பு. இரண்டு என்று ஓர் எண் எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு அலகு போடு, எண் போடு என்று விடைத்தாளில் புள்ளி வெட்டுகிறவள்.

பெப்ரவரி 20, வெள்ளி

காலையில் 5B. கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தாளைக் காட்டினேன். இன்று பிளேன்ரீ இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

செ. வாசித்தார். "கூட எண்டு தெளிவாத்தானே எழுதியிருக்கிறியள். இதில என்ன குழப்பம்?"

"அவருக்கு அது அந்தக் கருத்தில்லை. பின் வரிசைக்கும் எண்டு விளங்கியிருக்குது."

"அது அவர்ர பிழை. தமிழ் தெரியவேணும்."

பிறகு கதிரையில் சாய்ந்து, வங்கியில் ஆட்களுக்குக் கடன் இல்லை என்று சொல்லியிருக்கக்கூடிய அதே குரலில்:

"யோசியுங்கோ ரீச்சர். ஆள் பிழைவிட்டது எண்டால், உங்கட பரிசோதனையை ஆரோ கெடுத்தது. கூட்டத்தில நானே சொல்லி இன்னொரு மாதம் எடுத்துத் தருவன். நீங்களே பிழைவிட்டனீங்கள் எண்டால், நீங்கள் கேட்ட மூன்று கிழமை முடிஞ்சுது. அறிக்கை இல்லை. மேல்மாடி போகும். கடிதம் என்னட்டை இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை நீங்களே சொல்லுங்கோ."

படியில் இறங்கும்போது பதில் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் மாடியிலும் வரவில்லை.

பெப்ரவரி 21, சனி

ஒவ்வொரு சாடியிலும் வெளி இலையை மட்டும் வெட்டித் தராசில் நிறுத்தேன். செல்லாத பரிசோதனை, இருந்தும் நிறுத்தேன். செய்யாமல் இருக்கத் தெரியாது.

மு.: சிவப்பு பிழைத்தது, சின்னது, கைப்பில்லை. பச்சையும் நீட்டிலையும் தோல்வி.
ந.: பச்சை முதலிடம்.
பி.: இதுதான் எரிச்சல். பத்து நாள் இரண்டு பேணி, பிறகு ஐந்து நாள் ஒன்று, பிறகு திரும்ப இரண்டு. நீட்டிலை மட்டும் கொஞ்சம் வாடியது. பச்சை மஞ்சளை உதறிவிட்டு, நெருக்கமாகப் புது இலை விட்டிருக்கிறது. சிவப்புக்கு நிறம் திரும்பி வந்திருக்கிறது. மொறுமொறு. இருபத்தேழிலும் திறமான இலை இதுதான்.

நான் போட்ட திட்டத்தைவிட நான் விட்ட பிழை நல்ல சலாது வளர்த்திருக்கிறது. முதலில் கூட, பிறகு அளவாக. ஒரு மாதம் கிடைத்தால் இதைச் சரியாகச் செய்து பார்க்கலாம்.

ஒரு மாதம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கடிதம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, புதிதாகப் பொய் சொல்லத் தேவையில்லை. அந்தோனிக்கு வேறு வேலை கிடைக்கும். அறுபத்து மூன்று வயதில், முழங்கால் நோவோடு, எங்கே கிடைக்கும்? அதை நானா பார்ப்பது? அவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, எவ்வளவு மிஸ் என்று. வெளங்குது என்றாரே!

இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். எழுதியவளைப் பிடிக்கவில்லை.

வாங்க: சீனி, சவர்க்காரம்.

பெப்ரவரி 22, ஞாயிறு

கூட்டம் பத்து மணி, கீழே கார் நிறுத்துமிடத்தில். பதினான்கு பேர். அந்தோனி கேற்றடியில், இங்கே பார்க்காமல், லீவு நாளில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு தட்டில் மூன்று வகை இலையும் கழுவிக் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை.

செ. என் கடிதத்தை வாசித்தார். வேண்டுமென்றே என்ற இடத்தில் நிறுத்தி, எல்லோரையும் பார்த்துவிட்டு வாசித்தார்.

எழுந்தேன். "கடிதம் பிழை. என்ர தாளை வாசிச்சுப் பாருங்கோ" என்று 2A மிஸிஸிடம் கொடுத்தேன். அவ ஹற்றன் பக்கத்து ஆள், பேச்சு அந்தோனியின் பேச்சு மாதிரி. சத்தமாக வாசித்தா.

"நடுவுக்கு ஒரு பேணி, பின்னாடி வரிசைக்கும் ஒரு பேணி. அதானே எழுதியிருக்கு?"

"இல்லை, கூட, கூட. ரெண்டோ மூண்டோ, கூட விடவேணும்" என்றார் 3B.

"கூடன்னா கூடத்தானே? ரெண்டுன்னு எங்க இருக்கு?"

ஐந்து நிமிடம் கார் நிறுத்துமிடம் முழுவதும் கூட கூட என்று ஒரே சத்தம். இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் இருந்து, ஒருவரோடு ஒருவர் என்ன கதைத்தோமோ தெரியவில்லை.

செ. கையை உயர்த்தினார். "ரீச்சர் என்ன சொல்ல வந்தவ எண்டு எனக்கு வடிவா விளங்குது. கூட எண்டால் இரண்டு பேணி. பேணியையும் காட்டி, வாயாலையும் சொல்லி இருக்கிறா. இதைவிட என்னெண்டு சொல்லுறது?"

இந்த உலகத்தில் நான் எழுதியதை நான் நினைத்தபடியே வாசித்தவர் அந்த மனிதர் ஒருவர்தான். அவரை எதிர்த்து, நான் எழுதியது பிழை என்று நானே வழக்காட வேண்டியிருந்தது.

"எண் போடேல்லை" என்றேன். "கூட எவ்வளவு எண்டு நான் எழுதேல்லை. பிழை என்னுடையது. அந்தோனி தாளில இருந்ததைச் செய்தவர். வேண்டுமெண்டே எண்ட சொல்லை நான் திருப்பி எடுக்கிறன்."

"அப்ப பரிசோதனை?"

"செல்லாது."

"அப்ப மேல்மாடி?"

கை தூக்கினார்கள். அந்தோனி இருப்பதற்கு ஒன்பது கை. மொட்டைமாடியை மாத முடிவுக்குள் துப்புரவாக்குவதற்கு எட்டு. அதில் 2A மிஸிஸின் கையும் ஒன்று. பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறதாம்.

முடிந்து போகும்போது செ. என் தட்டிலிருந்து ஓர் இலை எடுத்துக் கடித்தார். "கைக்குது" என்றார். பின் வரிசைச் சிவப்பு அது. பொய்.

பெப்ரவரி 23, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு. சாடி இறக்கல்.

என் பல்கணிக்கு: 6
3B கேட்டது: 4 (சமையலுக்கு, வளர்க்க அல்ல)
2A: 2
பள்ளிக்கூட ஆய்வுகூடம்: 6
மீதி: 9, வைக்க இடமில்லை

நிழல் வலையைச் சுருட்டும்போது அழுகை வந்தது. வெயிலில் கண் கூசியது என்று எழுதலாம். அழுதேன். செ. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் நிற்கும்போதே, தகரத்துக்கு அளவு எடுத்தார். நாடாவை என் காலுக்குக் குறுக்கே இழுத்தார்கள். விலகவில்லை நான். சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தோனி கேட்காமலே வந்து சாடி தூக்கினார். ஐந்து மாடி, முழங்கால் நோவு, இரண்டு இரண்டாக. நன்றி இல்லை, கோபமும் இல்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை. மூன்றாம் தரம் இறங்கும்போது சொன்னேன், "அந்தோனி, நான் சொன்னது பெரிய பிழை. நீங்கள் மனதில வைக்க வேண்டாம்." நீங்கள் என்றேன். நாக்கு கொஞ்சம் இடறியது.

"எனக்கு வாசிக்கத் தெரியும் மிஸ்" என்றார். அவ்வளவுதான்.

மீதி ஒன்பதையும் எறியத்தான் நினைத்தேன். அவர் அவற்றைக் கேற்றுக்குப் பக்கத்தில், மதில் நிழலில், தானாகவே வரிசையாக வைத்தார். எல்லாம் சிவப்பு. ரின்பால் பேணியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு மிஸ்?"

"ஒரு பேணி."

ஊற்றினார். ஒன்பதுக்கும், அளந்து, ஒரு துளி சிந்தாமல். பேணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிரிக்காமல்:

"இன்னைக்கு ஒண்ணு. சரி. நாளைக்குக் கூடவா, மிஸ்?"